புது லேப்டாப்பைத் துடைத்துவிட்டு முதலிலிருந்து விண்டோஸ் போடுவது

அக்கா மகள் கல்லூரியில் சேர்ந்ததும் புது லேப்டாப்பை எடுத்துக்கொண்டு நேராக எங்கள் வீட்டுக்கு வந்தாள். "சித்தி, ஆன் பண்ணதுல இருந்து ஏதாவது கேட்டுக்கிட்டே இருக்கு. எல்லாத்துக்கும் ஓகே குடுத்துடவா?" என்றாள். திரையில் முப்பது நாள் சோதனைக் காலம் கொண்ட ஒரு வைரஸ் தடுப்பு மென்பொருள் பணம் கட்டச் சொல்லிக்கொண்டிருந்தது. அதன் அருகில் தயாரிப்பு நிறுவனத்தின் மூன்று செயலிகள், அவள் கேட்காத இரண்டு விளையாட்டுகள். பெட்டியைப் பிரித்து இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை.

இதையெல்லாம் ஒன்றுவிடாமல் அழித்துவிட்டு, இயங்குதளத்தை மட்டும் புதிதாகப் போடுவதைத்தான் கிளீன் இன்ஸ்டால் என்கிறார்கள். விண்டோஸ் செட்டிங்ஸில் இருக்கும் ரீசெட் வசதி வேறு. அது பல கணினிகளில் தயாரிப்பு நிறுவனம் வைத்த செயலிகளையும் சேர்த்தே திரும்பக் கொண்டுவந்துவிடும். கிளீன் இன்ஸ்டாலில் வட்டு முழுவதும் காலியாகும். மைக்ரோசாஃப்ட் தரும் விண்டோஸ் மட்டும் அதில் உட்காரும்.

இது எல்லோருக்கும் அவசியமா என்றால், இல்லை. தேவையில்லாத நாலு செயலிகளைத் தனித்தனியாக நீக்கிவிட்டாலே பெரும்பாலானவர்களுக்குப் போதும். ஆனால் தன் கணினிக்குள் என்ன இருக்கிறது என்று தனக்கே தெரிந்திருக்க வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு இதைவிட நல்ல வழி கிடையாது. இந்த எண்ணம் வீண் சந்தேகமும் அல்ல. 2014-இன் கடைசி மாதங்களில் விற்பனையான லெனோவோ லேப்டாப்கள் பலவற்றில் சூப்பர்ஃபிஷ் என்ற விளம்பர மென்பொருள் முன்கூட்டியே வைக்கப்பட்டிருந்தது. நீங்கள் பார்க்கும் இணையப் பக்கங்களில் விளம்பரம் செருகுவதற்காக, அது தன் சொந்தப் பாதுகாப்புச் சான்றிதழை (ஒரு தளம் உண்மையானதுதான் என்று கணினியை நம்பவைக்கும் அத்தாட்சியை) விண்டோஸுக்குள் பதித்து வைத்தது. இதனால் வங்கித் தளத்துக்கும் உங்களுக்கும் நடுவில்கூட அந்த மென்பொருளால் உட்கார முடிந்தது. எல்லா லேப்டாப்களிலும் அந்தச் சான்றிதழுக்கு ஒரே ரகசியச் சாவி. 2015 பிப்ரவரியில் ஆய்வாளர்கள் அந்தச் சாவியை வெளியே எடுத்துக் காட்டினார்கள். அமெரிக்காவில் வழக்காகி, 2017-இல் 32 மாநிலங்களுக்கு 35 லட்சம் டாலர் கட்ட லெனோவோ ஒப்புக்கொண்டது. இன்றைய லேப்டாப்களில் அப்படி இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. கடையில் வாங்கியபடியே இருக்கும் விண்டோஸ் எதுவும் கலக்காத விண்டோஸ் இல்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

அழிப்பதற்கு முன்னால்

அவள் உடனே அழித்துவிடலாம் என்றாள். இரண்டு நாள் பொறு என்றேன். புது லேப்டாப்பை முதலில் அப்படியே ஓட்டிப் பார்க்க வேண்டும். கேமரா, மைக், ஸ்பீக்கர், எல்லா விசைகளும், எல்லா யூ.எஸ்.பி. துளைகளும், வைஃபை, சார்ஜ் ஏறுவது, திரையில் செத்த புள்ளி ஏதும் இருக்கிறதா என்று அத்தனையும் சோதித்துவிட வேண்டும். விண்டோஸை மாற்றிய பிறகு ஸ்பீக்கர் கரகரத்தால், அது ஸ்பீக்கரின் கோளாறா, நாம் போட்ட டிரைவரின் (பாகத்தையும் விண்டோஸையும் பேசவைக்கும் சிறு மென்பொருளின்) கோளாறா என்று பிரிக்க முடியாமல் போகும். பழுது இருந்தால் பெட்டியோடு திருப்பிக் கொடுக்க வசதியான நாட்களும் அவைதான்.

அடுத்தது உரிமம். விண்டோஸின் சாவி எண் எங்கே ஒட்டியிருக்கிறது என்று லேப்டாப்பின் அடிப்பக்கத்தைத் தேடுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2012-இல் விண்டோஸ் 8 வந்ததிலிருந்து அந்த எண்ணைத் தயாரிப்பாளர்கள் மதர்போர்டில் இருக்கும் சிப்பிலேயே எழுதி வைக்கிறார்கள். வட்டை எத்தனை முறை அழித்தாலும் அது போகாது. புதிதாக விண்டோஸ் போடும்போது நிறுவும் மென்பொருள் அதைத் தானே படித்துக்கொள்ளும். ஒன்று மட்டும் கவனம்: ஹோம் பதிப்போடு வந்த லேப்டாப்பில் புரோ பதிப்பைப் போட்டால் அந்த உரிமம் செல்லாது. செட்டிங்ஸில் சிஸ்டம், அதற்குள் ஆக்டிவேஷன் என்று போனால் எந்தப் பதிப்பு என்று தெரியும். குறித்துக்கொள்ளுங்கள்.

நம் ஊரில் விற்கும் லேப்டாப்கள் பலவற்றோடு எம்.எஸ். ஆஃபீஸும் சேர்ந்து வருகிறது. அதை அழிப்பதற்கு முன்பே ஒரு முறை திறந்து, உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து ஆக்டிவேட் செய்துவிடுங்கள். உரிமம் கணக்கோடு ஒட்டிக்கொள்ளும், பிறகு அதே கணக்கிலிருந்து இறக்கிப் போட்டுக்கொள்ளலாம். இதைச் செய்யாமல் வட்டை அழித்துவிட்டு, காசு கொடுத்து வாங்கிய ஆஃபீஸைத் திரும்பப் பெற அலைந்த இரண்டு பேரை எனக்குத் தெரியும்.

டாஸ் லேப்டாப் என்று விலை குறைவாக விற்பதில் விண்டோஸ் உரிமமே இருக்காது. ஐந்நூறு ரூபாய்க்கு விண்டோஸ் போட்டுத் தருகிறோம் என்று சில கடைகளில் சொல்வார்கள். அங்கே நடப்பது பெரும்பாலும், உரிமம் இருப்பதாக விண்டோஸை ஏமாற்றும் திருட்டு ஆக்டிவேட்டரை ஓட்டுவதுதான். அந்த ஆக்டிவேட்டர் வேலை செய்ய வேண்டுமானால் வைரஸ் தடுப்பை அணைத்துவிட்டு, நிர்வாகி உரிமையைக் கொடுத்து ஓட்ட வேண்டும். முன்பின் தெரியாதவர் கையில் வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போவது போன்ற காரியம் அது. பணம் இல்லையென்றால் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போடுங்கள், அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

பென் டிரைவ் தயாரிப்பது

குறைந்தது 8 ஜி.பி. கொண்ட பென் டிரைவ் வேண்டும். அதில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும், படங்கள் இருந்தால் முதலில் வேறிடத்தில் வைத்துவிடுங்கள். மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் 11 தரவிறக்கப் பக்கத்தில் மீடியா கிரியேஷன் டூல் என்ற சிறு மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. அதை ஓட்டி, மொழியைத் தேர்ந்தெடுத்து, பென் டிரைவைக் காட்டினால் மீதியை அதுவே பார்த்துக்கொள்ளும். பல ஜி.பி. இறங்கும் என்பதால் மொபைல் டேட்டாவில் செய்வதாக இருந்தால் அன்றைய மீதியைப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

முதல் முறை செய்பவர்கள் விண்டோஸ் முழுவதையும் ஒரே கோப்பாக அடக்கிய ஐ.எஸ்.ஓ. கோப்பைத் தனியாக இறக்கி, பாட்டு ஏற்றுவதைப் போல அதை அப்படியே பென் டிரைவில் காப்பி செய்துவிடுவார்கள். அது வேலை செய்யாது. ஏன் என்று புரிந்துகொண்டால் கணினி எப்படி விழிக்கிறது என்பதும் சேர்ந்தே புரியும்.

பவர் பொத்தானை அழுத்தியதும் முதலில் எழுந்திருப்பது விண்டோஸ் அல்ல. மதர்போர்டில் இருக்கும் ஒரு சிறு மென்பொருள் எழுகிறது. பழைய பழக்கத்தில் பயாஸ் என்கிறோம், இன்றைய கணினிகளில் இருப்பதன் பெயர் யூ.இ.எஃப்.ஐ. அது நினைவகம், விசைப்பலகை, வட்டு எல்லாம் இருக்கிறதா என்று ஒரு சுற்றுப் பார்க்கும். அப்புறம் இயங்குதளத்தைத் தொடங்கிவைக்கும் சிறு கோப்பு எங்கே என்று தேடும். பென் டிரைவாக இருந்தால், இ.எஃப்.ஐ. என்ற ஃபோல்டர், அதற்குள் பூட் என்ற ஃபோல்டர், அதற்குள் குறிப்பிட்ட பெயரில் ஒரு கோப்பு. சரியாக அந்த முகவரியில் அது இருந்தால்தான் கதவு திறக்கும். ஐ.எஸ்.ஓ. கோப்பு என்பது கட்டிவைத்த மூட்டை. மூட்டையைப் பிரித்து உள்ளே இருப்பதை அதனதன் இடத்தில் வைத்தால்தானே தேடுபவருக்குக் கிடைக்கும்? மீடியா கிரியேஷன் டூல், ரூஃபஸ் போன்ற மென்பொருள்கள் செய்வது இந்த மூட்டை பிரிக்கும் வேலையைத்தான்.

பென் டிரைவ் தயாரானதும் அதிலேயே ஒரு தனி ஃபோல்டர் போட்டு, உங்கள் லேப்டாப் மாடலுக்கான டிரைவர்களைத் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து இறக்கி வையுங்கள். எல்லாம் வேண்டாம், இரண்டு போதும்: வைஃபை டிரைவர், இன்டெல் ரேபிட் ஸ்டோரேஜ் டிரைவர். இந்த இரண்டாவது எதற்கு என்று சற்று நேரத்தில் தெரியும்.

வட்டுத் திரை: பயம் வரும் இடம்

பென் டிரைவைச் செருகி, லேப்டாப்பை அணைத்து, ஆன் செய்த கணமே பூட் மெனு (எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கும் பட்டியல்) விசையைத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். டெல், லெனோவோ என்றால் எஃப் 12. எச்.பி.யில் எஃப் 9. அசூஸ் லேப்டாப்களில் எஸ்கேப். ஏசரில் எஃப் 12தான், ஆனால் சில மாடல்களில் அந்த மெனுவை முதலில் பயாஸுக்குள் போய் இயக்கிவைக்க வேண்டியிருக்கும். பட்டியலில் பென் டிரைவைத் தேர்ந்தெடுத்தால் விண்டோஸ் நிறுவும் திரை வரும். மொழி, விசைப்பலகை, எல்லாம் அழியும் என்பதற்குச் சம்மதம் என்று இரண்டு மூன்று திரைகள் வேகமாகப் போகும். அதன்பின் வட்டுத் திரை.

அக்கா மகள் இங்கேதான் கையை எடுத்துவிட்டாள். நாலைந்து வரிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர், ஒரு அளவு. எதை அழிப்பது, எதைத் தொடக்கூடாது? அவளுக்குச் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன்.

வட்டு என்பது ஒரு பெரிய நிலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பார்ட்டிஷன்கள் அதில் பிரித்த மனைகள். எந்த மனை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று நிலத்தின் தொடக்கத்தில் ஒரு பதிவேடு இருக்கும், நம் சர்வே பதிவேட்டைப் போல. இன்றைய கணினிகளில் அந்தப் பதிவேட்டு முறைக்கு ஜி.பி.டி. என்று பெயர். அதற்கு முந்தைய எம்.பி.ஆர். முறையில் நான்கு முதன்மைப் பிரிவுகளுக்கு மேல் போட முடியாது, 2 டி.பி.க்கு மேற்பட்ட வட்டை முழுதாகப் பயன்படுத்தவும் முடியாது. ஒரு பார்ட்டிஷனை அழிக்கும்போது உண்மையில் பதிவேட்டில் இருக்கும் அந்த வரிதான் போகிறது. நிலம் அப்படியே இருக்கிறது, யாருடையது என்ற குறிப்பு இல்லாமல். (பழைய லேப்டாப்பை விற்பவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். பார்ட்டிஷனை அழிப்பது மட்டும் தரவை முழுமையாக அழித்ததாகாது.)

அந்த வரிகளைப் பார்ப்போம். சிஸ்டம் என்று நூற்றுக்கணக்கான எம்.பி. அளவில் ஒன்று இருக்கும். யூ.இ.எஃப்.ஐ. தேடிவரும் அந்தத் தொடக்கக் கோப்பு இருக்கும் இடம் இதுதான். ரிசர்வ்டு என்று 16 எம்.பி.யில் ஒன்று, அது விண்டோஸ் தன் தேவைக்காக ஒதுக்கிவைத்தது. பிரைமரி என்பதுதான் பெரிய மனை, நமக்கு சி டிரைவாகத் தெரிவது. ரெக்கவரி என்பது விண்டோஸ் எழமுடியாமல் போனால் சரிசெய்யும் கருவிகள் இருக்கும் இடம். சில லேப்டாப்களில் தயாரிப்பாளரின் ரெக்கவரி என்று இன்னொன்றும் பல ஜி.பி. அளவில் இருக்கும். எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால், 512 ஜி.பி. என்று சொல்லி விற்ற வட்டில் சுமார் 476 ஜி.பி.தான் வரும். கடைக்காரர் ஏமாற்றவில்லை. தயாரிப்பாளர் ஒரு ஜி.பி.யை நூறு கோடி பைட் என்று கணக்கிடுகிறார். விண்டோஸ் 1024-ஐ மூன்று முறை பெருக்கிக் கணக்கிடுகிறது. அளவுகோல்தான் வேறு, நிலம் ஒன்றே.

புது லேப்டாப், உள்ளே ஒரே வட்டு, காப்பாற்ற வேண்டிய கோப்பு எதுவுமே இல்லை என்றால் அந்த வட்டில் இருக்கும் எல்லா வரிகளையும் ஒவ்வொன்றாக அழித்துவிடலாம். கடைசியில் ஒதுக்கப்படாத இடம் என்று ஒரே வரி மிஞ்சும். அதைத் தேர்ந்தெடுத்து அடுத்து என்று கொடுத்தால் போதும். சிஸ்டம், ரிசர்வ்டு, ரெக்கவரி எல்லாவற்றையும் வேண்டிய அளவில் விண்டோஸே பிரித்துக்கொள்ளும். தயாரிப்பாளரின் ரெக்கவரி போய்விடுமே என்று கவலைப்பட்டால், டெல், எச்.பி., லெனோவோ மூன்றுமே பல மாடல்களுக்குத் தொழிற்சாலை நிலைக்குத் திருப்பும் கோப்பைத் தங்கள் தளத்தில் தருகின்றன. உங்கள் மாடலுக்கு இருக்கிறதா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் அழிப்பதற்கு முன் வட்டின் எண்ணையும் அளவையும் இரண்டு முறை பாருங்கள். செருகியிருக்கும் பென் டிரைவும் அதே பட்டியலில் இன்னொரு வட்டாக நிற்கும். படங்கள் வைத்திருக்கும் வெளி ஹார்டு டிஸ்க் ஏதாவது செருகியிருந்தால் அதுவும் நிற்கும். அதனால் வேலையைத் தொடங்கும் முன்பே வெளி வட்டுகள் எல்லாவற்றையும் கழற்றிவிடுவதுதான் என் பழக்கம்.

சிலருக்கு இந்தத் திரையில் உள் வட்டே தெரியாது, பட்டியல் காலியாக இருக்கும். வட்டு பழுது என்று நினைத்துக் கடைக்கு ஓட வேண்டாம். 11ஆம் தலைமுறை முதலான இன்டெல் லேப்டாப்கள் பலவற்றில் வி.எம்.டி. என்ற அமைப்பு வட்டுக்கும் இயங்குதளத்துக்கும் நடுவில் இருக்கிறது. அதற்கான டிரைவர் நிறுவும் மென்பொருளில் இல்லாவிட்டால் வட்டு கண்ணில் படாது. முன்பே இறக்கிவைத்த ரேபிட் ஸ்டோரேஜ் டிரைவர் இதற்குத்தான். லோட் டிரைவர் என்பதைத் தட்டி அந்த ஃபோல்டரைக் காட்டினால் வட்டு வந்துவிடும். டிரைவர் ஜிப் கோப்பாக இருந்தால் முன்பே விரித்து வைத்திருக்க வேண்டும். எங்கள் வீட்டில் அன்று இதுவே நடந்தது. அவள் முகம் வெளுத்துவிட்டது. இரண்டு நிமிடத்தில் 476 ஜி.பி. வரிசைக்கு வந்ததும்தான் மூச்சு விட்டாள்.

நிறுவி முடித்த பிறகு

இங்கிருந்து பெரிதாகச் சிரமம் இல்லை. கோப்புகள் ஏறும், கணினி தானே அணைந்து எழும். எழும்போது மறுபடி முதல் திரையே வந்தால் பென் டிரைவிலிருந்து திரும்பத் தொடங்கிவிட்டது என்று பொருள். அணைத்து, பென் டிரைவைக் கழற்றிவிட்டு ஆன் செய்யுங்கள். டச் பேட் இந்தக் கட்டத்தில் வேலை செய்யாமல் இருக்கலாம், ஒரு யூ.எஸ்.பி. மவுஸ் பக்கத்தில் இருந்தால் நல்லது.

விண்டோஸ் 11 தொடக்கத்திலேயே இணையம் கேட்கும், இல்லாமல் அடுத்த திரைக்குப் போகவிடாது. வைஃபை டிரைவர் இல்லாததால் பட்டியலே வராவிட்டால், ஆண்ட்ராய்டு போனைக் கேபிளில் இணைத்து, போனின் இணையத்தைக் கணினிக்குத் தரும் யூ.எஸ்.பி. டெத்தரிங்கை ஆன் செய்யுங்கள். பெரும்பாலும் தனி டிரைவர் எதுவும் இல்லாமலே அதை விண்டோஸ் ஏற்றுக்கொள்ளும். டெஸ்க்டாப் வந்ததும் முதல் வேலை விண்டோஸ் அப்டேட். புதிதாக எதுவும் இல்லை என்று அது சொல்லும்வரை திரும்பத் திரும்ப ஓட்டுங்கள், டிரைவர்களில் பாதிக்கு மேல் அதிலேயே வந்துவிடும். அதற்கப்புறமும் கணினியின் பாகங்களைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் குறி இருந்தால் மட்டும் தயாரிப்பாளர் தளத்துக்குப் போங்கள். டிரைவர் தேடித் தருகிறேன் என்று சொல்லும் இலவச மென்பொருள்களை வீட்டுக்குள்ளேயே விடாதீர்கள்.

அடுத்ததை நான் எல்லோரிடமும் வற்புறுத்திச் சொல்வேன். விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பிலிருந்து, புதிதாக நிறுவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால் வட்டு முழுவதும் தானாகவே பூட்டிக்கொள்கிறது. நல்ல விஷயம்தான். லேப்டாப் திருடு போனாலும் கோப்புகளை யாரும் படிக்க முடியாது. ஆனால் பயாஸ் புதுப்பித்தாலோ மதர்போர்டு மாற்றினாலோ கணினி உங்களையே சந்தேகித்து 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கலாம். அப்படி ஒரு எண் இருப்பதே தெரியாமல், எந்த மின்னஞ்சலில் கணக்குத் தொடங்கினோம் என்பதையும் மறந்துவிட்டு, குழந்தையின் இரண்டு வருடப் படங்களை இழந்தார் என் தோழி ஒருவர். அந்த எண்ணை யாராலும் உடைத்துத் தர முடியாது. உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சாதனங்கள் பகுதிக்குப் போனால் எண் இருக்கும். அன்றைக்கே எடுத்து ஒரு தாளில் எழுதி, பத்திரங்கள் வைக்கும் கோப்பில் வைத்துவிடுங்கள்.

விண்டோஸ் உரிமம் இல்லாதவர்களுக்கும், விண்டோஸ் 11 ஏற்காத பழைய லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கும் லினக்ஸ் மின்ட் என் பரிந்துரை. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு அமைப்பு இல்லாத கணினிகளை விண்டோஸ் 11 ஏற்பதில்லை. லினக்ஸ் மின்ட் இலவசம், சாவி எண் கிடையாது, 4 ஜி.பி. நினைவகத்தில் நிம்மதியாக ஓடும். எனக்கு அதில் மிகவும் பிடித்தது, வட்டைத் தொடாமல் பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்க முடிவதுதான். வைஃபை வருகிறதா, ஒலி வருகிறதா என்றெல்லாம் பார்த்துத் திருப்தியான பிறகு நிறுவலாம். பூட் மெனு பற்றியும், வட்டை அழிக்கும் முன் வேண்டிய கவனம் பற்றியும் மேலே சொன்னவை இதற்கும் பொருந்தும்.

சாயங்காலம் ஆறு மணிக்கு அவள் லேப்டாப்பில் விண்டோஸும், ஒரு பிரவுசரும், அவள் கணக்கிலிருந்து இறக்கிய ஆஃபீஸும் மட்டும் இருந்தன. கடைசியாக மொழிப் பட்டியலில் தமிழைச் சேர்த்து, தமிழ் 99 விசைப்பலகையைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தேன். அது விண்டோஸிலேயே இருக்கிறது, தனியாக எதுவும் இறக்க வேண்டியதில்லை. விண்டோஸ் விசையையும் ஸ்பேஸையும் சேர்த்து அழுத்தினால் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் மாறிக்கொள்ளலாம். பென் டிரைவின் மேல் அவளே ஒரு துண்டுத் தாளில் தேதியை எழுதி ஒட்டினாள். அடுத்த வாரம் விடுதித் தோழியின் லேப்டாப்புக்கு வேண்டுமாம், திருப்பித் தர மாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.